என் உடுப்பு மட்டும் ஊருக்குப் போனது

நீளமான மேசை ஒன்றின் மேல் மண்ணிறக் கடதாசிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு துண்டுச் சணல் கயிறு. வரும்போது உடுத்தியிருந்ததை எல்லாம் மடித்து அதற்குள் வைத்துக் கட்டி, மேலே வீட்டு விலாசத்தை எழுத வேண்டும். அதுதான் கட்டளை.

நாங்கள் இருபத்துநான்கு பேர், அரைக் காற்சட்டையும் பெனியனுமாக வரிசையில் நின்றோம். தலைமயிர் போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. வெட்டிய மயிர் பின்கழுத்தில் குத்திக்கொண்டிருந்தது. காபோலிக் சவர்க்காரத்தின் மணமும் பித்தளை மினுக்குகிற பசையின் மணமும் அந்த மண்டபத்தில் கலந்து கிடந்தன. இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்து எங்காவது மணந்தால் எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வரும்.

நான் என் நீலச் சட்டையை மடித்தேன். நேர்முகத் தேர்வுக்கென்று அம்மா மூதூரில் துணி எடுத்துத் தைப்பித்துத் தந்த சட்டை. இடது பக்கத்தில் பொத்தான் வைத்த பை. பக்கத்தில் நின்றவன் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, எட்டாக மடித்த ஒரு துண்டுக் கடதாசியை அந்தப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். ஆகையால் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருந்தேன்.

"அம்மா, எனக்கு இங்கே இருக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

ஒரு வாசகர் கேட்டது

கடற்படைக்குத் தெரிவான கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா, அதை வாசித்த ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய மகன் இராணுவப் பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்குப் போகப்போகிறாராம். எந்த நாட்டில் என்று எழுதவில்லை. முதல் நாள் என்ன நடக்கும், பிள்ளை எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

சப்பாத்துப் போட்டு நடந்து பழகியிருக்க வேண்டும். தலைமயிரில் ஆசை வைக்கக்கூடாது. சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் போடுகிறவர்கள் எல்லோரும் கோபத்தில் சத்தம் போடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. இதையெல்லாம் யாரும் சொல்லுவார்கள்.

பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. பெற்றவருக்கு ஒன்று சொல்லலாம். முதல் கிழமையில் அங்கிருந்து உடுப்பு ஏதும் வீட்டுக்கு வந்தால், ஐயா, தயவுசெய்து பைகளைத் தடவிப் பாருங்கள்.

கதை நின்ற வீடு

எங்கள் ஊர் சம்பூர். கொட்டியாரக்குடாவின் தெற்குக் கரை. கடலும் வயலும் உள்ள ஊர்தான் என்றாலும் நாங்கள் வயல்காரர். எனக்கு நினைவு தெரியுமுன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் அம்மாவின் தம்பி கணபதி மாமாவுமாக வயலைச் செய்து என்னை வளர்த்தார்கள். நான் ஒரே பிள்ளை. திருகோணமலைப் பட்டினத்தில் விடுதியில் நின்று படித்தேன். படித்து வாத்தியாராக வருவேன், சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வருவேன், பின்னேரத்தில் வரம்பில் இறங்குவேன் என்று அம்மா நினைத்திருந்தார்.

நானோ சப்பாத்தில் மயங்கிப்போனவன். பள்ளிக்கூடம் விட்டு விடுதிக்கு நடக்கும்போது கடற்படைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக எதிரே வருவார்கள். வெள்ளை உடுப்பு, கறுத்தச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நாட்டுப்பற்று, வீரம், அலைகடலின் அழைப்பு என்றெல்லாம் என்னோடு இருந்தவர்கள் பிற்காலத்தில் மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அப்படி இருந்திருக்கலாம். எனக்குச் சப்பாத்துத்தான்.

தெரிவுக் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டார், குளிக்கத் தண்ணீர் அள்ளி வைத்தார், கதை மட்டும் இல்லை. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. அதில் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனாவை மேசையில் போட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். நான் எழுந்து போய் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு இருந்த வீம்பை இன்றைக்கு என் பேரன் காட்டினால் காதைத் திருகுவேன்.

புறப்பட்ட அன்று மாமாதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மூதூருக்கு வந்தார். அம்மா கொல்லைப்பக்கத்தில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். நான் போயிட்டு வாறன் என்று சொன்னேன். முதுகு அசைந்தது, முகம் திரும்பவில்லை. மூதூரில் லோஞ்ச் என்கிற எஞ்சின் படகில் ஏறி, குடாவைக் கடந்து, துறைமுகத்துக்குள் நுழையும்வரை அந்த முதுகுதான் என் கண்ணுக்குள் நின்றது.

செருப்பைக் கழற்றியவன்

பயிற்சிக் கல்லூரி துறைமுகத்தின் உள்வாயில் பக்கம், குன்றுச் சரிவில் இருந்தது. வாசலைத் தாண்டியதும் நீங்கள் இப்போது கப்பலில் ஏறிவிட்டீர்கள் என்றார்கள். சுற்றிப் பார்த்தேன். வேப்பமரம், பாறை, மதிலில் இரண்டு குரங்குகள். ஆனால் கடற்படை வழக்கப்படி அது கப்பல். நிலம் என்று சொல்லக்கூடாது, தளம் என்று சொல்ல வேண்டும். வாசலால் வெளியே சந்தைக்குப் போனால் கரைக்குப் போவதாகச் சொல்ல வேண்டும். குரங்குகளுக்கு இந்தச் சட்டம் எதுவும் கிடையாது.

அந்தக் கப்பலுக்கு நடுவில் கொடிக்கம்பம் நட்ட ஒரு முற்றம். சுற்றிவர வெள்ளையடித்த கற்கள், ஒரு பித்தளை மணி. முற்றம் கூட்டிக் கழுவிப் பளிச்சென்று கிடந்தது. அந்த இடத்துக்கு வருகிற ஒவ்வொருவரும், எவ்வளவு பெரிய ஆளானாலும், காலடியை நிறுத்தி, கொடியைப் பார்த்து மரியாதை செய்துவிட்டுத்தான் உள்ளே கால்வைத்தார்கள். ஒருவரும் அங்கே சத்தமாகக் கதைக்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். என் முறை வந்ததும் செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வெறுங்காலோடு உள்ளே போனேன். கல் சுட்டது.

எங்களைப் பொறுப்பேற்றிருந்த பயிற்றுநரை எல்லோரும் சீஃப் என்று கூப்பிடுவார்கள். ஓங்கிய மனிதர், மீசையைக் கயிறுபோல முறுக்கியிருப்பார். அவர் என் காலையும் கையிலிருந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். இது என்ன கோயிலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஓம், அப்படித்தானே என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். அவர் அதையே சிங்களத்தில் திருப்பிச் சொன்னதும் வரிசை முழுவதும் குலுங்கியது. அன்றைக்கு வைத்த பெயர் கோவில. சிங்களத்தில் நம்முடைய கோயிலைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் கடற்படையை விட்டு வந்த நாள்வரைக்கும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். எனக்குக் கதைக்க ஆள் இருக்கவில்லை.

பதினோராம் இலக்கம்

என் பெயர் தருமலிங்கம். பட்டியலை வாசித்தவர் இரண்டு தடவை முயன்று பார்த்து, மூன்றாவது தடவை என் இலக்கத்தைச் சொன்னார். பதினொன்று. மற்றவர்களுக்கும் இலக்கம் இருந்தது, ஆனால் அவர்களுக்குள் பெயரும் இருந்தது.

இருபத்துநான்கு பேரில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன். கட்டளை எல்லாம் ஆங்கிலத்தில், கட்டளைக்கு இடையில் உள்ள வாழ்க்கை எல்லாம் சிங்களத்தில். என்னுடைய சிங்களம் பஸ்ஸில் தள்ளி இருக்கச் சொல்லுகிற அளவு. பக்கத்துக் கட்டில்காரன் ரணவீர காலிப் பக்கத்தவன். சாப்பாட்டு மேசையில் முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் எந்தெந்தக் கையில் பிடிப்பது என்று கண்ணாலேயே காட்டித் தந்தான். நல்லவன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது முப்பது சொல்தான். அதில் பத்து சாப்பாட்டின் பெயர்.

பின்னேரம் குளியல் தொட்டியடியில் நின்று முதல் வாளியைத் தலையில் ஊற்றியபோது, "ஐயோ, தண்ணி குளிர்" என்று ஒரு குரல் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சொன்னது நான்தான். வாசலைத் தாண்டியதிலிருந்து அன்றைக்கு நான் கேட்ட முதல் தமிழ் அது. தலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபடியால் அழுவதற்கு வசதியாக இருந்தது.

தனிமை என்றால் ஆள் இல்லாத இடம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வயலில் காவல் குடிலில் தனியே கிடந்திருக்கிறேன், அது ஒன்றும் செய்யவில்லை. இருபத்துமூன்று பேருக்கு நடுவில் நின்று அன்றைக்குப் பட்ட தனிமையை அதற்குப் பிறகு நடுக்கடலில்கூட நான் பட்டதில்லை.

சூரியன் விழும் நேரம் கொடி இறக்கினார்கள். எல்லோரும் கொடியைப் பார்த்து விறைத்து நின்றோம். குன்றின் வளைவுக்கு அப்பால், குடாவின் மறுகரை ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் எங்கள் வீடு. அம்மா அந்த நேரம் மாட்டைக் கட்டிவிட்டு விளக்கு வைப்பார். லோஞ்சில் போனால் ஒரு மணித்தியாலம், பிறகு கட்டைபறிச்சான் வழியாகச் சைக்கிளில் கொஞ்சத் தூரம். காலியிலிருந்து வந்த ரணவீரவுக்கு வீடு கண்ணுக்கு எட்டாத தூரம். அவன் அன்றிரவு நன்றாகத் தூங்கினான்.

ஒரு அடி

இனி அந்தத் துண்டுக் கடதாசிக்கு வருகிறேன். ஒரு சொல்லைச் சொல்வதற்கு எதற்காகச் சட்டைப் பைக்குள் ஒளித்து அனுப்பினேன் என்று நீங்கள் கேட்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அதிகாரி ஒருவர் வந்து சட்டத்தை வாசித்தார். பிடிக்காதவர்கள் ஏழு நாளுக்குள் விலகலாம். ஆனால் தன்பாட்டில் போக ஏலாது. கையெழுத்து வைத்த பாதுகாவலர் நேரில் வந்து, இன்னொரு தாளில் கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏழு நாள் தாண்டினால் பத்து வருட ஒப்பந்தம். பார்வையாளர் ஒரு மாதத்துக்கு இல்லை. கடிதம் இரண்டாம் கிழமையிலிருந்துதான், அதையும் திறந்து பார்ப்பார்கள். வீட்டுக்கு அறிவிக்க விரும்புகிறவர் இப்போதே ஒரு அடி முன்னால் வரலாம், அலுவலகம் தந்தி அடிக்கும் என்று முடித்தார்.

ஒரு அடி. அவ்வளவுதான். என் வலது கால் செருப்புக்குள் துடித்தது. செருப்பைக் கழற்றியவன், பெயர் யார் வாயிலும் வராதவன், இப்போது முதலில் ஓடுகிறவனும் இவன்தான் என்று இருபத்துமூன்று பேரும் பார்ப்பார்கள். கால் வரவில்லை. ஒருவரும் முன்னால் போகவில்லை. அதிகாரி திருப்தியோடு தாளை மடித்தார்.

ஆகவேதான் குறிப்பேட்டில் ஒரு ஒற்றையைக் கிழித்து, கழிப்பறைக்குள் இருந்து பென்சிலால் எழுதி, பார்சல் கட்டும்போது பைக்குள் வைத்தேன். சீஃப் ஒவ்வொரு பார்சலையும் கையால் அழுத்திப் பார்த்தார். என்னுடையதை அழுத்திவிட்டுப் பக்கத்தில் வைத்தார். அம்மா கோபக்காரிதான், ஆனால் இதைக் கண்டால் வராமல் இருக்கமாட்டார் என்று உறுதியாக நம்பினேன்.

ஏழு நாள்

மூதூர் லோஞ்ச் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை எங்கள் பயிற்சி மைதானத்துக்குக் கீழே கடந்து போகும். அதன் எஞ்சின் சத்தம் வளைவுக்கு அப்பால் வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். பார்வை நேரே இருக்க வேண்டும் என்பது கட்டளை. என் பார்வை லோஞ்சில் உள்ள சேலைகளை எண்ணும். துவக்கைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடு என்று சீஃப் சொல்லுவார். ஓடுவேன். ஓடும்போது மறுபக்கம் திரும்பினால் லோஞ்ச் இன்னும் நன்றாகத் தெரியும்.

செவ்வாயும் புதனும் பார்சல் போய்ச்சேர்ந்திராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழன் போயிருக்கும். வெள்ளி வரலாம். சனி கட்டாயம் வருவார். சனிக்கிழமை சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கும் நாள். தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, வாசல் தெரியக்கூடிய படியில் போய் இருந்தேன். பின்னேர லோஞ்சும் போனது. வாசலில் காவலாள் மாறினார். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அம்மா எழுத்துக் கூட்டி வாசித்திருப்பார். வாசித்து, மடித்து, அலுமாரிக்குள் போட்டுவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போயிருப்பார். நீயாகத்தானே போனாய், கிட என்று விட்டுவிட்டார். அந்தப் படியில் இருந்து நான் அம்மாவை வெறுத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வெறுத்தது உண்மை. திங்கள் காலை பத்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தேன்.

இரண்டாம் கிழமை கடிதம் எழுத விட்டார்கள். சுகமாக இருக்கிறேன் என்று இரண்டு வரி எழுதினேன். மாமா பதில் போட்டார். எல்லோரும் சுகம், விதைப்பு முடிந்தது என்று அதிலும் இரண்டு வரிதான்.

நீலச் சட்டை

மூன்று மாதம் கழித்து முதல் விடுமுறை. போக மனமில்லை. போக வேறு இடமும் இல்லை. வெள்ளை உடுப்போடு, முகம் பார்க்கக்கூடிய சப்பாத்தோடு மூதூர் இறங்குதுறையில் இறங்கினேன்.

எனக்கு எதிரே என் சட்டை வந்துகொண்டிருந்தது. அதே நீலம், அதே பொத்தான் வைத்த பை. உள்ளே இருந்தவர் எங்கள் ஊரில் உடுப்புத் தோய்க்கும் சின்னத்தம்பி அண்ணர். தலையில் இருந்த மூட்டையை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சட்டையைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, கோவிக்காதேங்கோ. இது உங்கட செத்தவீட்டுச் சட்டை."

அவர் சொன்னதையும், அதன் பிறகு சைக்கிளோடு வந்து சேர்ந்த மாமா வழிநெடுகச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாருக்காவது நோய் கடுமை என்றால் லோஞ்சில் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். தப்பினவர் போட்டுப்போன உடுப்போடு திரும்பி வருவார். தப்பாதவரின் உடுப்பை மண்ணிறக் கடதாசியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, சொந்தக்காரர் கையில் தருவார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு பார்சலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வியாழக்கிழமை தபால்காரர் அம்மாவின் கையில் அதைக் கொடுத்தார். மேலே ஆங்கிலத்தில் அரசாங்க முத்திரை. அம்மா கயிற்றை அவிழ்த்தார். நான் போட்டுக்கொண்டு போன சட்டை, களிசான், செருப்பு. நான் இல்லை.

ஊர் கூடிவிட்டது. அடுப்பு மூட்டவில்லை. பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். செத்தவர் கடைசியாக உடுத்ததைப் பொழுதுபடும்வரை வீட்டில் வைத்திருக்க மாட்டோம், தோய்க்கிறவருக்குக் கொடுத்துவிடுவோம். சின்னத்தம்பி அண்ணர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அப்படிக் கொடுத்தது திரும்ப வாசற்படி ஏறக்கூடாது. பிறகு நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்து, அவர் எல்லாவற்றையும் பெட்டி போட்டு மினுக்கி எடுத்துக்கொண்டு வந்தபோதும் அம்மா வாங்க மறுத்துவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. சட்டைப் பைக்குள் ஏதாவது இருந்ததா என்று சின்னத்தம்பி அண்ணரிடம் கேட்டேன்.

"ஏதோ கடதாசி கிடந்தது தம்பி. அவிச்சு எடுக்கேக்க கூழாப் போயிட்டுது. லோஞ்ச் ரிக்கெற்றெண்டு நினைச்சன்."

நான் அவருடைய தோளைத் தட்டிவிட்டு மாமாவின் சைக்கிளில் ஏறினேன். மூன்று மாதமாக அம்மாமேல் வளர்த்து வைத்திருந்த கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா மிதித்துக்கொண்டே தன் பங்கைச் சொன்னார். என் உடம்பை எடுத்துவர வெள்ளிக்கிழமை காலை லோஞ்சில் அவர்தான் போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் சவச்சாலை வரைக்கும் போய்ப் பார்த்தாராம். அப்படி ஒருவர் இல்லை என்றதும் கடற்படை வாசலுக்கு நடந்து வந்திருக்கிறார். காவலாளுக்குத் தமிழ் தெரியாது. இறைச்சி கொண்டுவந்த கிண்ணியா வியாபாரி ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்து, இரண்டு பாஷைக்கும் நடுவில் நின்று கேட்டுச் சொல்லியிருக்கிறார். மாமா கேட்கச் சொன்னது ஒரே கேள்விதான். உயிரோடு இருக்கிறானா? இருக்கிறான், அதோ என்று காவலாள் மைதானத்தைக் காட்டியிருக்கிறார்.

"எல்லாம் ஒரே மொட்டை, ஒரே உடுப்பு. எது நீயெண்டு எனக்குத் தெரியேல்ல. பின்வரிசையில மூண்டாவதா போனவன்தான் நீயெண்டு நினைச்சு அழுதிட்டு வந்தனான்" என்றார்.

அன்றைக்கு நான் முன்வரிசையில் நின்றேன். வாசலுக்கும் எனக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம்தான். லோஞ்ச் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் வாசல் பக்கம் பார்க்கவில்லை. மாமா போய் அம்மாவிடம், பிள்ளை ராசா மாதிரி நடக்கிறான், ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

அம்மா கதைத்தார்

அம்மா வாசல் படலையடியில் நின்றார். என்னைக் கண்டதும் வந்து முகத்தைத் தடவினார், காதைத் தடவினார், தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். உள்ளே போய்ச் சோறு போட்டார். சூடைமீன் தீயல், முருங்கையிலைச் சுண்டல், வீட்டுத் தயிர். கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு இருந்தார். வழக்கமாக நான் சாப்பிடும்போது அம்மா இருக்கமாட்டார்.

பிறகு கதைத்தார். நான் செத்துவிட்டேன் என்று ஒரு நாளும், பிழைத்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு மூன்று மாதமும் தான் பட்டதைச் சொன்னார். இரண்டாவதுதான் பெரிதாக இருந்ததாம். உயிரோடு இருக்கிற பிள்ளை உடுப்பை ஏன் திருப்பி அனுப்பினான்? தாய் கையெழுத்து வைக்கையில் கதைக்கவில்லை, துறைக்கு வரவில்லை, அந்தக் கோபத்தில் தாய் தைப்பித்துத் தந்த சட்டையும் வேண்டாம் என்று போட்டுவிட்டான். அப்படித்தான் அம்மா நினைத்திருந்தார்.

எல்லோருடைய உடுப்பையும் அனுப்பினார்கள் அம்மா, அது அங்கத்தைய சட்டம் என்று சொன்னேன். அம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஆறுதலை நான் அதற்கு முன்னோ பின்னோ கண்டதில்லை.

"எனக்குப் பயமாத்தான் கிடந்தது. அந்தப் பெரிய இடத்தில நீ தனியக் கிடந்து என்ன பாடோ எண்டு. ஆனா உனக்கு ஏலாதெண்டா நீ சொல்லியிருப்பாய்தானே? வாங்கோ எண்டு நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் லோஞ்சுக்குக்கூடக் காத்து நிண்டிருக்க மாட்டன் தம்பி."

சொல்லலாம். பைக்குள் இருந்தது அம்மா, உங்களுக்கு விளங்கப் பெரிய எழுத்தில் எழுதினேன் அம்மா, நீங்கள் கையில் வைத்திருந்த சட்டைக்குள்தான் இருந்தது. சொன்னால் என் மனம் ஆறும். ஆனால் பத்து வருடத்துக்குக் கையெழுத்து வைத்தாகிவிட்டது, இனி அதை யாராலும் அழிக்க ஏலாது. அதற்குப் பிறகு அம்மா எப்படிப் படுத்து எழும்புவார்?

"அங்க எனக்கு நல்லாத்தான் இருக்கம்மா" என்றேன்.

அம்மா அதை அப்படியே நம்பினார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

அதன் பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை விடுமுறையில் போவேன். திரும்பிப் புறப்படும் ஒவ்வொரு தடவையும் படலையடியில் சும்மா ஒரு நிமிடம் கூடுதலாக நிற்பேன். போகாதே, விட்டுவிட்டு வந்துவிடு என்று ஒரு தடவையாவது சொல்லமாட்டாரா என்று பார்ப்பேன். அம்மா சொன்னதே இல்லை. எனக்கு அங்கே சந்தோஷம் என்று நினைத்து, லோஞ்ச் போய்விடும், கெதியா வெளிக்கிடு என்று என்னை அவசரப்படுத்துவார்.